சோளத்துக்கு அடியில் பதின்மூன்று பேர்

ஜூன் 18, 1996

அன்பு மகள் நோரீனுக்கு அம்மா எழுதுவது. அலாஸ்கா குளிரில் உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு குறையும் வரக் கூடாது என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே உன் அப்பாவின் முட்டி வலி பரவாயில்லை, மழை அளவாகப் பெய்தது, சர்ச் விருந்தில் நான் சுட்ட செர்ரி பைதான் முதலில் தீர்ந்தது. நலம் எழுதியாயிற்று, இனி என் வயிற்றெரிச்சலைக் கேள்.

நம் கான்ட்ஸ் குடும்பத்துக் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றியுள்ள வயலை டேல் ரக்மன் வாங்கினார் அல்லவா, மே கடைசியில் நினைவு நாளுக்கு வழக்கம்போல் பியோனிப் பூக்களை வாளியில் எடுத்துக்கொண்டு போனால், சாலையோரம் காங்கிரீட்டில் வரிசையாக நிற்கும் பதினோரு கல் வரைக்கும் சோளம் சாண் உயரம் முளைத்து நிற்கிறது. அரை ஏக்கர் புல்தரையைக் காணோம். அந்த மனுஷன் கல்லறையை உழுது விதைத்துவிட்டார், நோரீன்! வாளியைக் கீழே வைக்காமல் நேரே அவர் வீட்டுக்குப் போனேன். வாயில் ரொட்டியை மென்றுகொண்டே, "வெர்லாம்மா, கல்லு எங்க இருக்கோ ஆளும் அங்கதான இருப்பாங்க? நான் கல்லுல கைய வெச்சேனா? சும்மா கெடந்த புல்லத்தான உழுதேன்" என்றார். கல் வேறு இடம், ஆள் வேறு இடம் என்று நான் சொன்னதற்கு, செத்தவர்கள் எழுந்து நடந்து போனார்களா என்று கேட்டுச் சிரித்தார்.

அவரை மட்டும் திட்டி என்ன, வழி போட்டுக் கொடுத்தது உன் தாத்தா ஆரின்தான். அப்போது எனக்குப் பதினோரு வயது. கல்லைச் சுற்றிச் சுற்றிப் புல் வெட்ட அலுத்துப்போய், எல்லாக் கல்லையும் பிடுங்கி உயர வரிசைப்படி சாலையோரம் நிறுத்திக் காங்கிரீட் ஊற்றினார். யாரை எங்கே புதைத்தது என்று ஒரு துண்டுக் காகிதத்தில்கூடக் குறிக்கவில்லை. கல்லின் கீழ் வரிகள், இத்தனை வருஷம் இத்தனை மாதம் இத்தனை நாள் வாழ்ந்தார் என்று செதுக்கியது, எல்லாம் காங்கிரீட்டுக்குள் போய்விட்டது. ஊரே வந்து சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டியது. தண்ணீர் சுமந்து கொடுத்த நானும் பெருமைப்பட்டேன். இப்போது நினைத்தால் அவர் மேலும் என் மேலும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது.

கல்லறைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டிய டவுன்ஷிப் கமிட்டியிடம் போனேன். தலைவர் ஹார்லன் ஸ்டூப்பை உனக்குத் தெரியுமே, கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். "எங்க பொதைச்சிருக்குன்னு காட்டு வெர்லா, நாளைக்கே நிறுத்தறேன். சும்மா வாயால சொன்னா நான் என்ன பண்ணுவேன்?" என்று கையை விரித்தார். பதினைந்தாம் தேதிக் கூட்டம் வரை கெடு. அதற்குள் நான் காட்டாவிட்டால் அந்த நிலம் சட்டப்படி வெறும் வயல். அதன்பின் ரக்மன் அங்கே களஞ்சியம் கட்டினாலும் கேட்க முடியாது.

அன்று படுத்தும் தூக்கம் வரவில்லை. அப்போதுதான் உறைத்தது. அந்தக் காலத்தில் தலைமாட்டுக்குப் பெரிய கல் வைத்தால் கால்மாட்டுக்குப் பெயரின் முதல் எழுத்துகளோடு ஒரு சின்னக் கல்லும் வைப்பார்கள். உன் தாத்தா தலைமாட்டுக் கல்லைத்தான் பிடுங்கினார். கால்மாட்டுக் கற்கள் அதற்கு முன்பே மண்ணில் புதைந்து போயிருந்தன, அவர் கண்ணில் படவே இல்லை. உன் அப்பா ஒரு இரும்புக் கம்பிக்குக் கைப்பிடி பற்றவைத்துக் கொடுத்தார். அறுபத்தெட்டு வயதில் சோள வரிசைகளுக்கு நடுவே அடிக்கு அடி குத்திப் பார்த்துக்கொண்டு போனேன். ரக்மன் டிராக்டரை நிறுத்தி, "என்ன வெர்லாம்மா, பெட்ரோல் கெடைச்சுதா?" என்று கத்தினார். கெடைச்சா உன் தலையிலதான் ஊத்துவேன் என்று நானும் கத்தினேன், நீ முகம் சுளிக்காதே. மூன்றாம் நாள் மதியம் கம்பி டங்கென்று நின்றது. கையால் தோண்டினேன். L. G. எங்கள் லவீனா கான்ட்ஸ், ஒஹையோவிலிருந்து மாட்டு வண்டியில் வந்தவள். கல்லின் உச்சியில் ரக்மனின் கலப்பை கீறிய புது வெள்ளைக் கோடு. அங்கேயே உட்கார்ந்து அழுதேன், துக்கத்தில் அல்ல, கோபத்தில்.

பத்து நாளில் பதின்மூன்று கல் கண்டுபிடித்தேன். ஒன்றையும் நகர்த்தவில்லை, எங்கள் வீட்டார் நகர்த்தியது போதும். சாலைக் கம்பத்திலிருந்து ஒவ்வொன்றுக்கும் அடி அளந்து வரைபடம் போட்டேன். பதினொன்றுக்குத் தலைமாட்டுக் கல் சாலையோரம் இருக்கிறது. இரண்டு, பக்கத்தில் பக்கத்தில், உள்ளங்கை அகலம், எழுத்தே இல்லை. அவை யார் என்று சொல்ல உலகத்தில் ஒருவரும் இல்லை. குழந்தை, குழந்தை என்று எழுதி வைத்தேன்.

கூட்டத்தன்று காகிதத்தை மட்டும் நீட்டாமல் கமிட்டியார் மூவரையும் வயலுக்கே இழுத்துப் போனேன். ஹார்லன் அந்தச் சின்னக் கற்களைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். அரை ஏக்கரை விட்டுவிட வேண்டும், இந்த வாரமே சோளத்தை அழிக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. ரக்மன், "இந்த வருஷ வெளைச்சல் போச்சே" என்று முனகினார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவே இல்லை, அதை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

பிறகு ஹார்லன் ஒரு படிவத்தை நீட்டினார். எனக்குப் பிறகு இந்த இடத்துக்குப் பொறுப்பாக இருக்கும் குடும்பத்தார் யார், அந்தக் கட்டம் காலியாக இருந்தால் தீர்ப்பு செல்லாது என்றார். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை, பிள்ளையும் நீ ஒருத்திதான். போன மாதம் போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ, நூத்தம்பது வருஷத்துக்கு முன்ன செத்தவங்களுக்காக ஏம்மா அலையற, விட்டுடு என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். அந்தக் கட்டத்தில் உன் பெயரை மையால் எழுதிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ மறுத்திருப்பாய், மறுத்திருந்தால் அந்த இரண்டு குழந்தைகள் மேல் வருகிற வருஷம் மறுபடி சோளம் நிற்கும்.

ஜாம் பாட்டில்களைத் துணி சுற்றி அனுப்பியிருக்கிறேன், பார்த்துப் பிரி. குளிரில் தலையை மூடாமல் வெளியே போகாதே. கர்த்தர் உங்கள் இருவரையும் கண்மணிபோல் காக்கட்டும். அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் கையெழுத்து நீதான் போட வேண்டுமாம், படிவம் இதனுடன் இருக்கிறது. இலையுதிர் காலம் வரை அவகாசம் தந்திருக்கிறார்கள். தபாலில் அனுப்பாதே. என்னைத் திட்டுவதற்காகவாவது நேரில் வா.

உன் அம்மா,
வெர்லா கான்ட்ஸ் ஸ்டைவர்சன்