அரம் படாத சேஃப்டி

ஏப்ரல் 6, ஞாயிறு
துப்பாக்கி கிளப்பில் இன்று மானம் போயிற்று. போட்டிக்கு முன் பாதுகாப்பு அதிகாரி வெண்டல் எல்லார் பிஸ்டலையும் சோதிப்பார். குண்டு போடாத என் பிஸ்டலில், நான் புதிதாக வாங்கி அரத்தால் தேய்த்து மாட்டிய சேஃப்டியை, அதாவது தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டை, போட்டுவிட்டு விசையை அழுத்தினார். டக். சேஃப்டி போட்டிருந்தால் பிஸ்டலின் சுத்தியல் விழவே கூடாது.

"ஓவராத் தேய்ச்சுட்ட வெர்னா. இதோட நீ சுடுற லைன்ல நிக்க முடியாது."

நானா? இருபத்தாறு வருடமாகப் பல் லேபில் பல்லுக்கான கேப் தேய்த்துப் பொருத்துகிறவள். கிளப்பில் பாதிப் பேருக்குப் புதுப் பாகம் மாட்டிக் கொடுப்பதும் நான்தான்.

ஏப்ரல் 7
சேஃப்டி செய்த கம்பெனிக்கு போன். நாற்பது நிமிடம் கிட்டார் சத்தம், அப்புறம் டோபின் என்று ஒருவன்.

"கொஞ்சம் பெருசாத்தான் மேடம் அனுப்புவோம். உங்க பிஸ்டலுக்கு ஏத்த மாதிரி தேய்ச்சுக்கணும். அரம் பட்டுட்டா திருப்பி எடுக்க மாட்டோம்."

"நான் அரத்தால மூணே இழுப்புதான் இழுத்தேன்."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க மேடம்."

போனை வைத்துவிட்டேன். இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன்.

ஏப்ரல் 13
கிளப்பிலிருந்து டுவேன் வந்து, மாட்டித் தரச் சொல்லிக் கொடுத்திருந்த டிரிகரை எடுத்துக்கொண்டு போனான். "சிரமப்படாதே வெர்னா, நானே பாத்துக்கறேன்." கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போடத் தெரியாதவன் பார்த்துக்கொள்வானாம்! அழுதேன். ஆமாம், அழுதேன்.

ஏப்ரல் 15
இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். அரத்தை எடுப்பதற்கு முன் நான் அளக்கவில்லை. பெரிதாகத்தான் வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன். அது குட்டையாகவே வந்திருந்தாலும், முதல் இழுப்பிலேயே அதற்குச் சாட்சி போய்விட்டது. இனி நான் எதைச் சொன்னாலும் யார் நம்புவார்கள்?

அதே சேஃப்டி இன்னொன்று ஆர்டர் போட்டிருக்கிறேன். "அவனுங்ககிட்டயேவா? உனக்கு முத்திடுச்சு" என்கிறான் ரோலண்ட். கட்டின புருஷனே இப்படி.

ஏப்ரல் 22
வந்துவிட்டது. அரத்தைக் கார் ஷெட்டில் வைத்துப் பூட்டி, சாவியை ரோலண்டிடம் கொடுத்தேன். அவன் வீடியோ எடுக்க, பாக்கெட்டைப் பிரித்து அப்படியே மாட்டினேன். பெரிதாக இருந்தால் உள்ளே போகாமல் முரண்டு பிடிக்கும். இது வழுக்கிக்கொண்டு போயிற்று. சேஃப்டியைப் போட்டு விசையை அழுத்தினேன். டக்.

இத்தனை சந்தோஷமாக அந்தச் சத்தத்தைக் கேட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஏப்ரல் 25
வீடியோவை அனுப்பிவிட்டு போன் போட்டேன். மறுபடி டோபின். "லைன்லயே இருங்க மேடம்" என்று எழுந்து போனான். வெகுநேரம் கழித்து வந்தான்.

"பெட்டியில இருந்து பத்து எடுத்து அளந்தேன். ஏழு குட்டை. நீங்க முதல்ல சொன்னப்பவே நான் எழுந்து போயிருக்கணும். மன்னிச்சிருங்க."

"மீதி மூணையும் இன்னொரு தடவை அளங்க" என்றேன்.

மே 9
பிப்ரவரியிலிருந்து அந்தச் சேஃப்டியை வாங்கிய எல்லாருக்கும் கம்பெனி கடிதம் அனுப்பியிருக்கிறது. திருப்பி அனுப்பினால் புதிது தருவார்களாம் — அரம் பட்டிருந்தாலும். அந்த இரண்டு சொல்லை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. மாற்றுச் சேஃப்டியும் வந்துவிட்டது. முதலில் அளந்தேன்.

மே 18, ஞாயிறு
பதினோரு இழுப்பில் கச்சிதமாக உட்கார்ந்த சேஃப்டி. வெண்டல் மூன்று தடவை அழுத்திப் பார்த்தார். சத்தமே இல்லை. பிஸ்டலைத் திருப்பிக் கொடுத்தார்.

மதியம் எல்லாரும் பீன்ஸும் இறைச்சியும் போட்ட சில்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில் வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அதே சேஃப்டி. அரம் போட்ட தடம்.

"பிப்ரவரியில வாங்கினேன். நான்தான் கெடுத்துட்டேன்னு நினைச்சு டிராயர்ல போட்டுட்டேன். யார்கிட்டயும் சொல்லல."

"என்னை எல்லார் முன்னாலயும் நிறுத்தினீங்களே, அன்னைக்கும் இது உங்க டிராயர்லதான் இருந்துதா?"

"இருந்துது."

"அப்ப இதையும் எல்லார் முன்னாலயும் சொல்லுங்க."

 கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு, பெஞ்சுகளுக்கு நடுவே போய் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். அவர் முடிப்பதற்குள் மூன்று பேர் எழுந்து, தங்கள் அரம் பட்ட சேஃப்டியை எடுத்துவரக் காரை நோக்கி நடந்தார்கள். முன்னால் போனவன் டுவேன்.