சின்னக் கமெராவில் இருந்த பதினொரு படங்கள்

அக்கா,

உங்களுடைய சின்னக் கமெரா என் மேசையில், இந்தக் கடதாசிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன் உறையைத் திறந்தால் நீங்கள் கைப்பைக்குள் எப்போதும் வைத்திருந்த தைலத்தின் மணம் இன்னும் வருகிறது. இன்று போயா, பௌர்ணமி விடுமுறை. வீட்டில் யாருமில்லை. நேற்றிலிருந்து இதை எழுத உட்காருவதும் எழும்புவதுமாக இருக்கிறேன்.

அடுத்த மாதம் உங்கள் இரண்டாம் ஆண்டுத் திவசம். அதற்கு ஒரு நல்ல படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போடலாம் என்று தேடினேன். என் பெரிய கமெராவில் உங்களை எத்தனையோ தரம் எடுத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் நீங்கள் அடையாள அட்டைக்குப் படம் பிடிக்க வந்தவர் மாதிரி நிற்கிறீர்கள். நான் வெளிச்சம் பார்த்து, பின்னணியை மங்கலாக்கி, லென்ஸைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்து முடிப்பதற்குள் உங்கள் சிரிப்பு ஆறிப்போய்விடும். அதனால் உங்கள் கமெராவிலேயே யாராவது உங்களை எடுத்திருப்பார்களா என்று பார்க்க, சனிக்கிழமை அலுமாரியைத் திறந்து அதை எடுத்தேன். பட்டரியைச் சார்ஜ் ஏற்றித் திரும்ப உள்ளே போட்டேன். மெமரி கார்டைக் கழற்றிக் கணினியில் செருகினேன். கமெராவை ஒதுக்கி வைக்கும்போது படம் பார்க்கிற பொத்தானில் விரல் பட்டு அது தானாகத் திறந்துகொண்டது. கார்ட் இல்லாத கமெராவில் ஒன்றும் தெரியாது என்றுதான் நினைத்தேன். திரையில் உங்கள் சிநேகிதி ரஹ்மா அக்கா சிரித்துக்கொண்டிருந்தா.

பொத்தானை அமர்த்தி அமர்த்தி எண்ணினேன் அக்கா, பதினொரு படங்கள். ஏன் எண்ணினேன் என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாமலே போய்விட்டீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இந்த இரண்டு கமெராக்களும் ஒரே மாதத்தில்தான் நம் வீட்டுக்கு வந்தன. தபால் கந்தோரிலிருந்து நீங்கள் ஓய்வு பெற்றபோது உடன் வேலை செய்தவர்கள் சேர்ந்து உங்களுக்குத் தந்தது சின்னது. அதைப் பார்த்த பொறாமையில் நான் வாங்கியது டிஎஸ்எல்ஆர். புதிதாகப் பழகுகிறவர்கள் வாங்கும் ஆரம்ப மொடல்தான். ஆனாலும் அதைத் தோளில் மாட்டியதும் எனக்கு ஒரு நடை வந்துவிட்டது. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படம் வரைகிறவன் இல்லையா, ஒரு தாளில் கோடு கீறி, இரண்டு கமெராவையும் ஒப்பிட்டு அட்டவணை போட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். லென்ஸ் மாற்றலாம், மாற்ற ஏலாது. மங்கிய வெளிச்சத்தில் தெளிவு, மங்கிய வெளிச்சத்தில் புள்ளி புள்ளி. இப்படியே பதினைந்து வரி. எல்லாவற்றிலும் என்னுடையதே வென்றது. பின்னேரம் பார்த்தால் கீழே உங்கள் கையெழுத்தில் பதினாறாவது வரி: "கைப்பைக்குள் போகும்."

"அக்கா, படத்தைப் பிடிக்கிற சென்சர் உங்கட கமெராவில சின்ன விரல் நகத்தளவுதான். என்ரயில முத்திரை அளவு" என்று நான் விளக்கப் போனேன்.

"முப்பத்திரண்டு வருசம் முத்திரை வித்தனான். முத்திரையைப் பற்றி எனக்குப் படிப்பிக்காதை" என்றீர்கள்.

கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் மான் ஒன்று மதிலோரம் தலையை நீட்டிய நாள் நினைவிருக்கும். நான் லென்ஸ் மூடியைக் கழற்றி, கண்ணை வைத்து, குனிந்து நிமிர்வதற்குள் மான் அந்தப் பக்கம் போய்விட்டது. நீங்கள் கைப்பையிலிருந்து எடுத்தீர்கள், பொத்தானை அமர்த்தினீர்கள், திரும்ப வைத்தீர்கள். "டேய், அது மான். கலியாணப் பொம்பிளை இல்ல, நிண்டு காட்ட" என்று நடுவீதியில் நின்று சிரித்தீர்கள். துறைமுகத்தில் என் லென்ஸுக்குக் கடுகளவாகத் தெரிந்த கப்பலை உங்கள் கமெரா கிட்டக் கொண்டுவந்து அதன் பெயரையே வாசித்துக் காட்டியது. அன்றைக்கு நான் வீடு வரும்வரை உங்களோடு கதைக்கவில்லை.

ஒரேயொரு தரம்தான் நீங்கள் உண்மையாகக் கோபப்பட்டீர்கள். உங்கள் கார்டைத் துப்புரவாக்கித் தருகிறேன் என்று வாங்கி, எதையோ அமர்த்தி, சித்தி மகளின் கலியாணப் படங்கள் முழுவதையும் அழித்துவிட்டேன். "இனி என்ர சாமானைத் தொடப்படாது. சத்தியம் பண்ணு" என்றீர்கள். ஐம்பது வயதுக்காரன், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உங்கள் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினேன்.

அதற்குப் பிறகுதான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

துறைமுகத்துக்குப் பாய்மரக் கப்பல் ஒன்று வந்திருந்தது. விடிய எழும்பிப் போக வெளிக்கிட்டால் என் கார்ட் நிரம்பிக் கிடந்தது. மாற்றி எடுக்க நேரமில்லை. நீங்கள் குளித்துக்கொண்டிருந்தீர்கள். மேசையில் உங்கள் கமெரா. அதன் அடிமூடியைத் திறந்து கார்டை உருவிக்கொண்டு போய்விட்டேன். இரண்டு கமெராவுக்கும் ஒரே கார்ட் பொருந்தும் என்பது என் அட்டவணையில் இல்லாத ஒற்றுமை. மத்தியானம் வந்து என் படங்களைக் கணினிக்கு மாற்றிவிட்டு, கார்டைத் திரும்ப வைக்கலாம் என்று தேடினால் கமெராவைக் காணவில்லை. உங்களையும் காணவில்லை. "ரஹ்மா வரச் சொன்னவள். கிண்ணியாவுக்குப் போறன்" என்று துண்டு எழுதி வைத்திருந்தீர்கள்.

ரஹ்மா அக்காவுக்குக் கண்ணில் ஒப்பரேஷன் முடிந்து கட்டவிழ்த்த நாள் அது. உங்களோடு ஒரே கவுண்டரில் இருபது வருடம் இருந்த சிநேகிதி. உங்கள் முகத்தைத் தெளிவாகப் பார்க்கவேண்டும் என்று ஃபோன் பண்ணியிருந்தா. கமெரா என்றாலே முகத்தை மூடிக்கொண்டு ஓடுகிறவ, அன்றைக்குத் தானாகவே படம் எடு என்று சொன்னாவாம். பின்னேரம் நீங்கள் பஸ்ஸால் இறங்கி வந்தபோது முகமெல்லாம் பூரிப்பு. கமெராவை மேசையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனீர்கள். அந்த இரண்டு நிமிடத்தில் நான் கார்டை அதற்குள் செருகினேன். ஒருவருக்கும் தெரியாமல் ஒரு காரியத்தைச் சரிக்கட்டிய நிம்மதி எனக்கு.

"இஞ்ச வந்து பார், ரஹ்மா நிக்கிற நிலையை" என்று கூப்பிட்டுக்கொண்டே கமெராவைத் திறந்தீர்கள். மான் வந்தது. கப்பல் வந்தது. கோயில் தேர் வந்தது. ரஹ்மா அக்கா வரவில்லை. முன்னுக்கும் பின்னுக்குமாக அமர்த்தினீர்கள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி அமர்த்தினீர்கள்.

"எடுத்தனான் தம்பி. பதினொண்டு. அங்கயே ரெண்டு பேருமா இருந்து பாத்தனாங்கள்."

அந்த இடத்தில் வாயைத் திறந்து ஒரு வசனம் சொல்லியிருக்கவேண்டும். "அக்கா, கார்டை நான்தான் எடுத்தனான்." நீங்கள் ஒரு கிழமை என்னைத் திட்டியிருப்பீர்கள். அவ்வளவுதான். நான் தலையில் கை வைத்துச் செய்த சத்தியத்தை நினைத்துப் பயந்தேன். அதோடு எனக்கு ஒரு பெரிய அறிவும் இருந்தது. என் கமெராவில் கார்ட் இல்லாவிட்டால் ஒரு படமும் பதியாது. ஆகவே உங்களுடையதிலும் பதிந்திருக்காது என்று நிச்சயமாக நம்பினேன். அந்த மாதிரிச் சின்னக் கமெராக்களுக்குள் கொஞ்சப் படங்களை வைத்திருக்கத் தனியாக ஓர் இடம் உண்டு என்பதும், கார்டைப் போட்டதும் அந்தப் படங்கள் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும் என்பதும், பதினைந்து வரி ஒப்பிட்டு எழுதிய எனக்குத் தெரியவில்லை.

"நீங்கள் சரியா அமத்தியிருக்க மாட்டீங்கள் அக்கா" என்றேன்.

"பாத்தனான் எண்டு சொல்லுறன்."

"எடுத்திருந்தா இருக்கும்தானே? பழைய படத்தைப் பாத்திட்டு மாறி நினைக்கிறீங்கள்."

நீங்கள் கமெராவைக் கீழே வைத்தீர்கள். கதிரையில் இருந்தபடி என்னையே பார்த்தீர்கள். "தம்பி, அம்மாவுக்கும் இப்பிடித்தானே துவங்கினது. எனக்கும் துவங்கிட்டுதோ?"

அம்மாவைக் கடைசி ஆறு வருடம் பார்த்தது நீங்கள். ஊட்டினீர்கள், குளிப்பாட்டினீர்கள். அந்த அம்மா உங்களை "நேர்ஸ்" என்று கூப்பிட்டா. மறதி என்றால் என்ன என்று எங்கள் வீட்டில் உங்களுக்குத்தான் தெரியும். அது உங்களிடம் வந்துவிடுமோ என்ற ஒரேயொரு பயம்தான் உங்களுக்கு இருந்தது. அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சொன்னேன்: "சும்மா இருங்கோ அக்கா. வயசு போனா எல்லாருக்கும் இப்பிடித்தான்."

அதற்குப் பிறகு நீங்கள் அந்தக் கமெராவைத் தொடவில்லை. அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தீர்கள். இரண்டு கிழமையில் ஸ்கூட்டியை விற்கச் சொன்னீர்கள். குசினியில் உப்பு, சீனி, மா என்று ஒவ்வொரு டின்னிலும் பெயர் எழுதி ஒட்டினீர்கள். கலண்டரில் அன்றன்றைக்குச் செய்ததை எழுதி வைத்து, மறுநாள் அதை மூடிக்கொண்டு உங்களையே கேள்வி கேட்டுப் பார்த்தீர்கள். என் கந்தோருக்கு ஃபோன் வரும். "காஸ் அடுப்பை நிப்பாட்டினனானோ தெரியேல்ல. ஒருக்கா வந்து பாத்திட்டுப் போறியா?" ஒவ்வொரு தரமும் அடுப்பு நிற்பாட்டித்தான் இருந்தது. எனக்கு எரிச்சல் வந்தது அக்கா. அதையும் எழுதத்தான் வேண்டும். இரண்டொரு தரம் சிடுசிடுத்தும் இருக்கிறேன். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைக்க நினைக்க, சொல்வது இன்னும் இன்னும் ஏலாததாகிவிட்டது. முதல் நாள் அது ஒரு கார்டைப் பற்றிய சங்கதி. மூன்றாம் மாதம் அது உங்கள் மூளையைப் பற்றிய சங்கதி ஆகியிருந்தது.

பத்து மாதத்தில் ஒரு காலை முற்றம் கூட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டீர்கள். ஓட்டோவில் என் தோளில் சாய்ந்து வந்தபடி நீங்கள் கேட்ட கடைசிக் கேள்வி, "கேற்றைப் பூட்டினனானோ?" என்பதுதான். "பூட்டினீங்கள்" என்றேன். நான் பார்க்கவில்லை. சும்மா சொன்னேன். ஆஸ்பத்திரியிலிருந்து உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது கேற்றில் பூட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நோவோடும் பூட்டிவிட்டுத்தான் ஓட்டோவில் ஏறியிருக்கிறீர்கள்.

நேற்று அந்தக் கமெராவை எடுத்துக்கொண்டு கிண்ணியாவுக்குப் போனேன். ரஹ்மா அக்கா வாசலிலேயே அடையாளம் கண்டு, "வாங்க தம்பி, உள்ள வந்து இரிங்க" என்றா. நான் இருக்கவில்லை. நின்றபடியே கமெராவைத் திறந்து கையில் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தா. வட்டிலப்பம் வைத்த தட்டு. முகத்தை முந்தானையால் மூடப் போய்ப் பாதியில் விட்டுவிட்டுச் சிரிக்கிற அவ. அவ எடுத்த, தலை பாதி வெட்டுப்பட்ட நீங்கள். கடைசியில் நீங்களே கையை நீட்டி எடுத்தது. இரண்டு பேரும் கன்னத்தோடு கன்னம். படம் ஆடிப்போயிருக்கிறது, பின்னால் ஜன்னல் வெளிச்சம் வெளுத்துப்போயிருக்கிறது. என் கமெராவில் வந்திருந்தால் அழித்திருப்பேன். அப்படிச் சிரிக்கிற உங்களை நான் எடுத்த படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை.

"அன்டைக்கி அவட முகத்தப் பாத்து நீ இவ்வளவு கிழவியான்னு கேட்டுச் சிரிச்சன். அதுக்குத்தான் இந்தச் சிரிப்பு" என்றா ரஹ்மா அக்கா. பிறகு குரல் மாறிவிட்டது. "மௌத்தாகுற வரைக்கும் போன்ல கேட்டுட்டே இருந்தா தம்பி. ரஹ்மா, அன்டைக்கி நான் படம் எடுத்தனானா இல்லியான்னு. எடுத்தாய், நாம ரெண்டு பேரும் பாத்தம்னு நான் எத்தின தரம் சொல்லியிருப்பன். நம்பல்ல. நீ என்னச் சமாதானப்படுத்தச் சொல்றாய், எடுக்கல்லன்னு தம்பி சொன்னவன், அவனுக்குக் கமெரா தெரியும் என்டா."

அதற்குமேல் என்னால் ஒளிக்க ஏலவில்லை. கார்டை உருவியது, திரும்ப வைத்தது, வாயை மூடிக்கொண்டிருந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். உலகத்தில் முதல் தடவையாக ஒருவருக்குச் சொன்னேன். அவ என்னைத் திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. கமெராவின் திரையை முந்தானையால் துடைத்தா. பிறகு அதை என் கையில் திருப்பித் தந்து, "இத எனக்குச் சொல்லி என்ன தம்பி. அவக்கல்லவா சொல்லியிருக்கணும்" என்றா.

பஸ் பாலத்தைத் தாண்டும்போது அந்த வார்த்தை என்னோடு வந்தது. இன்றைக்கும் இருக்கிறது. இனி நான் எங்கே போனாலும் அது கூட வரும். நீங்கள் கதிரையில் இருந்து கேட்ட கேள்விக்கு அன்றைக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. கேட்க நீங்கள் இல்லாதபோது சொல்கிறேன் என்பதும் தெரிந்துதான் எழுதுகிறேன்.

இல்லை அக்கா. உங்களுக்கு ஒன்றும் துவங்கவில்லை. நீங்கள் கிண்ணியாவுக்குப் போனீர்கள், ரஹ்மா அக்காவைப் பதினொரு படம் எடுத்தீர்கள், இரண்டு பேருமாக இருந்து பார்த்தீர்கள். எல்லாம் நீங்கள் சொன்னபடியேதான். பொய் சொன்னது நான்.

உங்கள் தம்பி