அம்மா பேரில் என் வெட்டு

மே 14, செவ்வாய்

இன்று கங்காணி அம்மாவைப் பாராட்டிவிட்டார்.

"நடுவுல உங்க வெட்டு கெட்டுப் போயிருந்துச்சுக்கா. இப்பப் பட்டையில ஒரு காயம் இல்ல."

அந்த ரப்பர் மரங்களில் பால் வெட்டுவது நான். அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. தெரிந்தால் தோட்டத்துப் பதிவிலிருந்து அவள் பேரை எடுத்துவிடுவார்கள். பேர் போனால் நாங்கள் குடியிருக்கும் இந்த லயத்துக் காம்பராவும் போகும். புதிதாக யாருடைய பேரையும் பதிவதில்லை. நான் வேலை செய்யும் கொழும்புக் கடையில் ஒரு கிழமை, ஏழே நாள், லீவு கேட்டுத்தான் வந்தேன். மாதம் ஒன்றாகிறது. விடியுமுன் அம்மாவைக் கைபிடித்துக் கூட்டிப்போய்க் கல்லில் உட்கார வைத்துவிட்டு வெட்டுகிறேன். கங்காணி வரும் நேரம் கத்தி அம்மா கைக்குப் போய்விடும். நான் துணைக்கு வருவதாக அவர் நினைப்பு.

"பக்கத்து மலை மரங்களையும் நாளையிலேர்ந்து நீங்களே பாருங்க" என்றார்.

முடியாது என்பாள் என்று நினைத்தேன். அம்மா யோசிக்கவே இல்லை. "சரிங்க" என்றாள். என் பக்கம் திரும்பவும் இல்லை.

சாயந்தரம் கடையிலிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை. விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, நாளைக்கு எனக்காகக் கத்தி தீட்டிக்கொண்டிருக்கிறாள் அம்மா. அதற்குக் கண் வேண்டியதில்லை.