இன்னும் ஒரு கோளாறு

தெகால்

கடலில் இருக்கும் என் மகன் செனோவுக்கு, உன் அப்பாவின் ஸலாம். உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வலை இழுக்கும் கைகளுக்குக் காயமில்லாமல் நீ இருக்கவேண்டும் என்று தினமும் தொழுகையில் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர் வாயால் கேட்டால் நீ இன்னும் அதிகமாகச் சிரிப்பாய். போன தடவைக்கு முந்தி துறைமுகத்திலிருந்து பேசியபோது, உன் லேப்டாப்பைத் திறந்து இன்னின்ன வரியை அடித்து லினக்ஸைப் புதுப்பித்து வை என்று சொன்னாய் அல்லவா? அடித்தேன். பாஸ்வேர்ட் கேட்டது. அதையும் அடித்தேன். திரையில் ஒரு புள்ளிகூட வரவில்லை. மறுபடி அடித்தேன். விரல் வலிக்க அடித்தேன். கீபோர்டு செத்துவிட்டது என்று முடிவுகட்டி, ஸ்க்ரூவெல்லாம் கழற்றி, கீபோர்டைப் பெயர்த்து, டோஃபு வண்டி அடுப்பைத் துடைக்கிற பிரஷால் சுத்தம் செய்தேன். அப்போதும் ஒன்றும் வரவில்லை. சந்தைக்குப் பின்னால் சர்வீஸ் கடை வைத்திருக்கிற நுனிங்கிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். உன்னோடு தொழிற்பள்ளியில் படித்த அதே நுனிங்தான்.

என்னை "பாக்" என்று மரியாதையாகக் கூப்பிடுகிறவள்தான், ஆனால் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரன் எட்டிப்பார்த்தான். "பாக், லினக்ஸ்ல பாஸ்வேர்ட் அடிச்சா கண்ணுக்குத் தெரியாது. அது பாட்டுக்கு உள்ள போய்ட்டுதான் இருக்கும். அடிச்சு முடிச்சு எண்டரைத் தட்டணும், அவ்வளவுதான். கீபோர்டு நல்லாத்தான் இருந்துச்சு. இப்பதான் இல்ல" என்றாள். பிரஷிலிருந்த எண்ணெய் உள்ளே போய் இரண்டு எழுத்துகள் ஒட்டிக்கொண்டன. ஒன்பதாவது வரை படித்தவனிடம் லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுப் போனது உன் தப்பு என்று சொல்லிச் சமாளித்தேன்.

லேப்டாப்புக்கு ஏன் இவ்வளவு பாடு, கையில் போன் இருக்கிறதே என்று நீ நினைக்கலாம். நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அம்மாவின் சர்க்கரை கண்ணுக்குப் போய்விட்டது, செனோ. போன மழைக்காலத்திலிருந்தே. போன் திரையில் ஒரு முகம் அவளுக்கு முகமாகத் தெரிவதில்லை, ஏதோ ஒரு வெளிச்சக் கட்டியாகத் தெரிகிறது. உன் லேப்டாப்பில், திரை முழுக்க, வெளிச்சத்தைக் கடைசிவரை ஏற்றி வைத்தால் மூக்கு, வாய், கண் எல்லாம் பிரித்துப் பார்க்கிறாள். உன் பழைய படம் ஒன்றை வைத்துச் சோதித்தோம். "இவன் முடி வெட்டி எவ்வளவு நாளாச்சு!" என்று படத்தைத் திட்டினாள். அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன், உன் கப்பல் அடுத்துக் கரைக்கு வந்து நீ வீடியோவில் பேசும்போது அவள் உன்னை இதில்தான் பார்க்கவேண்டும் என்று. பார்வை எத்தனை நாளைக்கு இருக்கும் என்று டாக்டரும் சொல்லவில்லை.

நீ சொன்னபடி புதுப்பித்ததும் வைஃபை காணாமல் போனது. வைஃபை அட்டை உள்ளே இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு தடவை ஆன் ஆகும்போதும் அது விழுங்கவேண்டிய ஒரு சின்ன ஃபர்ம்வேர் கோப்பு இல்லையாம். அந்தக் கோப்பை எடுக்க இணையம் வேண்டும். இணையம் வர அந்தக் கோப்பு வேண்டும். நான் தலையைச் சொறிந்தேன். போனை வயரால் லேப்டாப்போடு இணைத்து அதன் வழியாக இணையம் கொடுங்கள் என்று நுனிங் சொன்னாள். செய்தேன், வந்துவிட்டது! உன் அம்மாவிடம் பெருமையடித்தபோது, "டோஃபு கருகாமப் பொரிக்கிற அன்னிக்கு இதே மாதிரி சொல்லுங்க" என்றாள்.

அதன்பின் வந்ததுதான் கெட்ட காலம். திரை மங்கிப்போய் அப்படியே நின்றுவிட்டது. வெளிச்சம் ஏற்றும் பட்டனை அழுத்தினால் கோடு ஏறுகிறது, வெளிச்சம் ஏறவில்லை. வேறு வீட்டில் இது ஒரு குறையே இல்லை. எங்களுக்கு அதுதான் எல்லாம். லேப்டாப் எழும்போது படிக்கிற ஆரம்ப வரியில் ஏதோ ஒரு சொல்லைச் சேர்த்துப் பார்த்தாள் நுனிங். எடுத்துப் பார்த்தாள். கடைசியில், லேப்டாப்பை முதலில் எழுப்பிவிடுகிற பயாஸ் என்கிற புரோகிராம் பழையது, புதியதை ஏற்றினால் சரியாகும் என்றாள். போதாததற்குப் பேட்டரி வேறு பொங்கிய மாவு மாதிரி உப்பி, அடிமூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. அதைக் கழற்றி வெளியே வைத்தோம்.

"பாக், புது பேட்டரி வரட்டும். பேட்டரி இல்லாம பயாஸ் ஏத்தக் கூடாது. நடுவுல கரண்ட் போச்சுன்னா இது லேப்டாப் இல்ல, காய் நறுக்கிற பலகை. நம்ம தெருவுல கரண்டை நம்புவீங்களா? என் கடைக்குக் கொண்டு வாங்க" என்று அவள் படித்துப் படித்துச் சொன்னாள்.

சரி என்று தலையாட்டினேன். ஆனால் பேட்டரி வருகிற பாட்டைக் காணோம். சனிக்கிழமை உன் கப்பல் கரைக்கு வருகிறது என்று உன்னைக் கப்பலுக்கு அனுப்பிய ஏஜென்ட் ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மதியம், பேட்டரி இல்லை என்று லேப்டாப் மறுத்தாலும் பயாஸை வற்புறுத்தி ஏற்றுவது எப்படி என்று முகம் தெரியாத யாரோ ஒருவன் இணையத்தில் எழுதியிருந்ததைப் படித்தேன். இந்த மாதிரி விஷயத்தில் மட்டும் எனக்குத் தைரியம் எங்கிருந்தோ வந்துவிடும். நம் வீட்டு மீட்டர் உனக்குத் தெரியும். சோறு வேகும்போது பம்பு போட்டால் தாங்காமல் அதன் சுவிட்ச் டப்பென்று விழுந்து வீட்டுக்கே கரண்ட் போகும். அதனால் சோற்றுக் குக்கரின் பிளக்கைப் பிடுங்கினேன், ஃபேனை நிறுத்தினேன். என்ன செய்கிறேன் என்று உன் அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. கவலைப்படுவாளே என்று.

பயாஸ் ஏறுவதைக் காட்டும் கோடு திரையில் பாதி தூரம் ஓடியிருந்தது. அவள் சமையலறைக்குள் தடவிக்கொண்டு போயிருக்கிறாள். குக்கர் பிளக் எப்படியோ கழன்று கிடக்கிறதே, எனக்குச் சோறு ஆறிவிடுமே என்று திரும்பச் சொருகியிருக்கிறாள். அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யத் தொட்டியில் தண்ணீர் இல்லை. பம்பைப் போட்டாள்.

டப்.

திரை கறுத்தது. உள்ளே சுற்றிக்கொண்டிருந்த குட்டி ஃபேன் சத்தமும் நின்றது. அவள் சமையலறையிலிருந்து, "என்ன பாக் ஆச்சு?" என்றாள். "ஒண்ணுமில்ல, தெருவுக்கே கரண்ட் போச்சு" என்றேன். பக்கத்து வீட்டில் டாங்டுட் பாட்டு ஜன்னல் அதிரப் பாடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அப்ப ஹாஜி வீட்டுல யாரு, வாயாலயே பாடுறாங்களா?" என்றாள். சிரித்தாள். நானும் சிரித்தேன். மீட்டர் சுவிட்சைத் தூக்கிவிட்டேன். லேப்டாப் எழுந்திருக்கவே இல்லை. பவர் பட்டனில் விளக்கு எரியும், மூச்சு இருக்காது.

நுனிங் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பயாஸ் இருக்கிற சிப்பைக் கழட்டி மறுபடி எழுதணும், பாக். நாளைக்கு ஆகாது" என்றாள், அவ்வளவுதான்.

அதனால்தான் சனிக்கிழமை போனில் பேசினோம். அம்மாவின் நெற்றி மட்டும் தெரிகிறது என்று நீ கேலி செய்தாயே, போனை மூக்கோடு ஒட்டி வைத்திருந்ததால்தான். "நல்லாத் தெரியுதுடா, இளைச்சுப் போயிட்ட" என்றாள். நீ சந்தோஷப்பட்டாய். நானும் நம்பினேன். நீ வைத்துவிட்ட பிறகு, போனை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள், "அவன் என்ன கலர் சட்டை போட்டிருந்தான்?" நீலம் என்றேன். "நீலம் அவனுக்கு நல்லா இருக்கும்" என்றாள்.

உன் கப்பல் போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. ஒரு காலையில் எழுந்து, ஏன் இன்னும் ஜன்னலைத் திறக்கவில்லை என்று கேட்டாள். ஜன்னல் திறந்துதான் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இரண்டு கண்ணுக்குள்ளும் ரத்தம் கசிந்திருக்கிறதாம். டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, போனது போனதுதான் என்றார். உள்ளே வந்து, சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள், மெதுவாகத் தெளியும் என்றேன். அவள் அதைப் பனிமூட்டம் என்று சொல்கிறாள். ஜன்னல் பக்கம் கொஞ்சம் வெளுப்பாக இருக்கிறது என்கிறாள். ஜன்னல் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், அதனால் சொல்கிறாளோ என்னவோ.

முந்தாநாள் நுனிங் தானே வீட்டுக்கு வந்தாள். சிப்பை எழுதி ஒட்டி, புது பேட்டரியும் போட்டுக் கொண்டுவந்தாள். ஆன் ஆனது. வைஃபை வந்தது. பட்டனை அழுத்த அழுத்த வெளிச்சம் ஏறியது, கண் கூசுகிற அளவுக்கு. அந்த ஒட்டிய எழுத்துகளைக்கூடச் சுத்தம் செய்துவிட்டாள். நன்றி சொன்னபோது அவள் என் முகத்தைப் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

உன் படத்தைத் திரை முழுக்கப் போட்டேன், படகுத்துறையில் நின்று சிரிக்கிறாயே, அது. ஏன் போட்டேன் என்று கேட்காதே. லேப்டாப் சத்தம் கேட்டு உன் அம்மா வந்து எதிரே உட்கார்ந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். அத்தனை வெளிச்சமும் அவள் முகத்தில் விழுந்தது. கண்ணை அகலத் திறந்து, திரையைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டு, "வந்துருச்சா பாக்?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்ல. இன்னும் ஒரு கோளாறு இருக்கு" என்றேன்.

அவளுக்கு முகமே லேசாகிவிட்டது, செனோ. பெரிதாக மூச்சு விட்டாள். "பரவால்ல, அவசரப்படாதீங்க. மறுபடி எதையாவது கெடுத்து வைக்காதீங்க. அதுக்குள்ள என் கண்ணும் தெளிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

இதைப் போனில் சொல்லமுடியாது. பேசும்போதெல்லாம் அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாள். அதனால் ஏஜென்ட் ஆபீஸில் கொடுத்து, உங்களுக்குச் சாமான் கொண்டுவரும் சரக்குக் கப்பலில் அனுப்பச் சொல்லி எழுதுகிறேன். அடுத்த முறை நீ பேசும்போது லேப்டாப் என்னாயிற்று என்று அவள் உன்னையே கேட்பாள். சரியாகவில்லை என்று சொல். நான் சொன்னால் டோஃபுக்காரன் பேச்சு. நீ சொன்னால் நம்புவாள். உனக்குத்தான் பெரிய பெரிய பெயரெல்லாம் தெரியுமே, அதில் மிக நீளமான ஒரு கோளாறைத் தேர்ந்தெடுத்துச் சொல். சரிசெய்ய நாளாகும் என்றும் சொல்.

அல்லாஹ் உன்னை அலையிலிருந்தும் காற்றிலிருந்தும் காப்பாற்றி, ஒப்பந்தம் முடிந்ததும் எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தட்டும். ராத்திரியில் கப்பல் தளத்தின் ஓரம் நிற்காதே.

அவள் எழுந்து போனபின் நான் வெகுநேரம் திரையை அணைக்கவில்லை. ஆன் ஆயிருச்சு ருமிசா, உன் புள்ள எதிர்ல நின்னு சிரிக்கிறான், நீ நேரா அவனைத்தான் பார்த்துக்கிட்டிருந்த என்று என் வாய்வரை வந்தது.

உன் அப்பா
வஸ்ரோனி