பெட்டி மூடும்போது ஓடிய ஸ்கேன்

12.7.2014, சனி

மாமாவை அடக்கம் செய்துவிட்டோம். மஸ்கட்டில் வேலை செய்யும் என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. பெட்டியை மூடுமுன் அப்பாவின் முகத்தை லேப்டாப்பில் காட்டு என்று மட்டும் கேட்டிருந்தார்.

போன மாதம்தான் அதில் இரண்டாவதாக ஒரு ஆன்டிவைரஸ் போட்டேன். பாப்பாவைக் குளிப்பாட்டுவதை அவருக்குக் காட்டும்போது வேறு யாராவது கேமரா வழியாகப் பார்த்துவிடுவார்களோ என்று பயம். "அதுல உள்ளதே போதும் ஏட்டி. ரெண்டு கெடந்தா ஒண்ணோடொண்ணு அடிச்சிட்டு எல்லாம் நின்னு போவும்" என்றார் அவர். நான் கேட்கவில்லை.

இன்று சாமியார் ஜெபம் முடித்ததும் லேப்டாப்பைப் பெட்டிக்கு மேலே பிடித்தேன். அந்த நேரம் பார்த்து புது ஆன்டிவைரஸின் ஸ்கேன் தானாக ஓடத் தொடங்கியது. வீடியோ காலில் இருந்த என் கணவரின் முகம் திரையில் அப்படியே உறைந்தது. எதை அமுக்கியும் நிற்கவில்லை. நேரமாகிறது என்று பெட்டியை மூடிவிட்டார்கள்.

"கம்ப்யூட்டர் படிச்ச மருமவளுன்னு ஊரெல்லாம் சொன்னேனே. எனக்க மவனுக்கு அப்பன் மொகத்தக் காட்ட ஒனக்குத் துப்பில்ல" என்றார் மாமி, எல்லார் முன்னிலும்.

நாத்தனார் என்னைக் காட்டி அவரைத் தேற்றினாள். "விடும்மா. ஒன்ன அடக்கும்போ மைனி ஒழுங்காக் காட்டுவா."

கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்து பார்த்தால் திரையில் பச்சை டிக். ஆபத்து எதுவும் இல்லையாம்.

சற்று முன் அவர் போன் செய்தார். திட்டவில்லை. "மூடும்போ அப்பாக்க மொகம் எப்பிடி இருந்துது?" என்று கேட்டார்.

"ஒறங்குன மாதிரி" என்றேன்.

மூடும்போது நான் மாமாவைப் பார்க்கவே இல்லை. ஸ்கேன் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.