செல்விக்குப் பத்து தோட்டா

நவம்பர் 9, திங்கள்

காலையில பனி. பஞ்சுப் போர்வை ரஜாயி ரெண்டையும் மாடியில வெயிலுக்குப் போட்டாச்சு. மூணாவது அவரோடது. அதையும் போட்டேன். போடாம வச்சா பூச்சி பிடிக்கும்.

இது அவர் டைரி. ரைஃபிள் கிளப்புல வருஷா வருஷம் ஸ்டாஃபுக்குக் கொடுக்கறது. ஏப்ரல் 11 வரைக்கும் அவர் எழுத்து. டூட்டி. டூட்டி. பாதி நாள் லீவு, நெஞ்சு எரிச்சல். அப்புறம் எல்லாம் வெள்ளை. நல்ல பேப்பர், வீணாப் போகுது. அஞ்சாவது வரைக்கும் படிச்ச கை, கோணலாத்தான் வரும். வரட்டும். மக செல்விக்குத் தமிழ் படிக்க வராது, இந்தி இஸ்கூல். அதனால தைரியமா எழுதலாம்.

விஷயம் இது. இந்த ஞாயித்துக்கிழமை செலக்‌ஷன். தில்லி டீமுக்கு நாலு பொண்ணுங்க. கிளப்புல சுடக் கத்துக்கொடுக்கற மாஸ்டர்ஜி செ. பேரைக் கொடுத்துட்டார். சாயங்காலம் ஓடி வந்து செருப்போட உள்ள நுழைஞ்சுட்டா. திட்டக்கூட மறந்துட்டேன்.

ஆனா தோட்டா இல்ல. ஊர்லயே இல்லையாம். வெளிநாட்டுச் சரக்கு நின்னு மாசக்கணக்காச்சு, நம்ம நாட்டுச் சரக்கும் எப்பவாவது. கிளப்பு ஆளுக்கு ஒரு டப்பாதான் கொடுக்கும். அம்பது. போட்டிக்கு அறுபது சுடணும். மீதி பத்து அவங்கவங்க பாடு. அதில்லாம ஆரம்பிக்கும் முன்னால கணக்குல வராம நாலஞ்சு சுட்டுப் பாப்பாங்க, துப்பாக்கி எந்தப் பக்கம் தள்ளுதுன்னு தெரிய. அதுவும் அவங்க பாடு.

ரெண்டு மாசமா வாரத்துக்கு அஞ்சு குண்டுதான் கொடுக்கறாங்க. மத்த நேரம் காலித் துப்பாக்கியில டிக் டிக். வீட்ல திரைக் கம்பியைத் துப்பாக்கி மாதிரி பிடிச்சுக்கிட்டு, நுனியில ஒரு காசை வச்சு, தரையில குப்புறப் படுத்துக் கிடக்கா. காசு விழக்கூடாது. வீட்டுக்காரம்மா எட்டிப் பாத்து, “க்யா ரீ, பட்டாளத்துல சேரப் போறியா?” இவ அசையல. “ஆன்ட்டி, ஏக் மினிட். பேசினா காசு விழும்.”

நவம்பர் 10, செவ்வாய்

வாங்கினது: தக்காளி, சீரகம், செ.க்கு ஹேர்பின். வாங்காதது: அது ஒண்ணுதான்.

டிஃபென்ஸ் காலனியில நான் சமைக்கற கர்னல் சாப் வீட்ல அரை நாள் லீவு கேட்டுட்டு, கிளப்புல கொடுத்த கடுதாசியோட காஷ்மீரி கேட் போனேன். துப்பாக்கிக் கடை. பஸ்ஸுல நின்னுக்கிட்டே. வழியெல்லாம் கடுதாசியை இறுக்கிப் பிடிச்சிருந்தேன், ஏதோ நானே சுடப் போற மாதிரி.

உள்ள ஒருத்தன் தூசி தட்டிக்கிட்டு இருந்தான். “தோட்டா ஹை?” ன்னு கேட்டேன். சிரிச்சான். ஜாமா மசூதிப் பக்கம் போங்கன்னான். பச்சை, சிவப்பு மூக்கு, பேசறது, எல்லாம் அங்கதான் கிடைக்குமாம். கிளிக்கு இந்தியில தோத்தா. பன்னெண்டு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன், எனக்கு நேரத்துக்கு ஞாபகம் வரணுமே.

“துப்பாக்கிக்குப் போடறது. தோட்டா!” ன்னு கத்தினேன். கல்லாவுல இருந்த பெரியவர் நிமிர்ந்து பாத்தார். “அச்சா அச்சா. டோட்டா ஹை, பஹன்ஜி.”

இருக்காமே! எனக்கு உச்சி குளிர்ந்து போச்சு. “பஹுத் ஹை?” நிறைய இருக்கான்னு கேட்டேன்.

“பஹுத்! பூரி தில்லியில டோட்டா ஹீ டோட்டா!”

தில்லி பூரா அதுதானாம். சாமி கண்ணைத் திறந்துட்டாருன்னு பெஞ்சுல உக்காந்தேன். தக்காளியை ஒதுக்கி, பையில இடம் பண்ணி வச்சேன். அரை மணி. பெரியவர் டீ குடிச்சார். எனக்கும் ஒண்ணு வந்துச்சு. நல்ல மரியாதையான கடைன்னு நெனச்சேன். டீயும் குடிச்சேன்.

அப்புறம் வந்த ஒரு சர்தார்ஜிதான் விசாரிச்சார். டோட்டான்னா பஞ்சமாம். தட்டுப்பாடு. இல்லைங்கறதுக்குப் பேர்தான் டோட்டாவாம். கடை முழுக்கச் சிரிப்பு. “இருந்தாலும் உங்க கையில தர முடியாது தாயே, லைசென்ஸ்காரர் வரணும்” னு பெரியவர் சொல்லிட்டார். தோட்டாவுக்கு இந்தியில கார்தூஸ். எழுதி வச்சுக்கறேன். கார்தூஸ்.

செ. அப்பா வீட்ல தோட்டான்னுதான் சொல்வார். அதுவே இந்தின்னு நெனச்சிருந்தேன்.

வந்து செ. கிட்ட சொன்னேன். உருண்டு உருண்டு சிரிச்சா. ஏப்ரலுக்கு அப்புறம் இன்னிக்குத்தான். தோட்டா கிடைக்கலேன்னாலும் அது கிடைச்சுது.

நவம்பர் 11, புதன்

வெயில். கர்னல் சாப் வீட்ல ராஜ்மா, கோபி, இருபது சப்பாத்தி. அவர் வேட்டைக் கூட்டாளிங்க மூணு பேர். முன்னெல்லாம் இந்த மாசம் ஜீப்புல போவாங்க, கௌதாரி முப்பது நாப்பதுன்னு வரும், இறகு பிடுங்கியே எனக்குக் கை வலிக்கும். ரெண்டு சீஸனா ஒண்ணும் இல்ல. புல்வெளியில உக்காந்து பேச்சுதான்.

“தலைக்கு எட்டு கார்தூஸை வச்சுக்கிட்டு யமுனைக்கு அந்தப் பக்கம் எதுக்கு? பறவைங்க சிரிக்கும்.”

“போன தடவை நான் ஒரு கௌதாரிக்கு மூணு வீணடிச்சேன். மனைவிகிட்ட சொல்லல.”

“பேசாம கவண் வாங்கு தோஸ்த்.”

நான் சப்பாத்தி கொண்டு போறப்ப கர்னல் சாப் சொன்னது காதுல விழுந்துச்சு. பெரிய துப்பாக்கிக்குத் தன்கிட்ட ஒண்ணும் இல்ல, முயல் அடிக்கற சின்ன ரைஃபிளுக்கு மட்டும் பன்னெண்டு இருக்காம். பழைய வெளிநாட்டு டப்பா.

சின்ன ரைஃபிள்! செ. சுடறதும் அதே சைஸ்தான். தட்டு கை நழுவப் பாத்துது. கால் தரையில நிக்கல. பன்னெண்டு. பன்னெண்டு.

நவம்பர் 12, வியாழன்

கேட்டுட்டேன். டீ வைக்கறப்ப, ஒரே மூச்சுல. சாப் கோபப்படல. பேப்பரை மடிச்சு வச்சார்.

“செல்வி கீ மா, வேற எது வேணா கேள். ஸ்வெட்டர், ஃபீஸ், எதுவும். அது பன்னெண்டு இருக்கற வரைக்கும் நான் ஷிகாரி, வேட்டைக்காரன். தீர்ந்துட்டா வெறும் பென்ஷன்காரன்.”

சரி சாப்னு வந்துட்டேன். பருப்பு அடிப்பிடிச்சுது. ரெண்டு பேரும் அதையே சாப்பிட்டாங்க, அதுவே ஒரு மாதிரி இருந்துச்சு.

அவர் சொல்றதும் பொய்யில்ல. என் பெட்டிக்குள்ள செ. அப்பாவோட காக்கிச் சட்டை ரெண்டு இருக்கு. யாராவது கேட்டா கொடுப்பேனா?

செ. கிட்ட சொன்னேன். கம்பியை எடுத்துக்கிட்டுப் படுத்துட்டா. அம்பதுலயே சுடறேன், மீதி பத்துக்கு சைபர் போடட்டும்ங்கறா. சைபர் வாங்கவா அவ அப்பா அவளை ஆறு மைல் சைக்கிள்ல வச்சு மிதிச்சுக் கூட்டிட்டுப் போனார்.

நவம்பர் 13, வெள்ளி

எப்படி எழுத!

நான் ஒண்ணும் பேசல. சாப் சம்சாரம் மேம்சாப்தான். காலையில சாப் அலமாரியைத் திறந்து டப்பாவைத் துடைச்சு எண்ணிக்கிட்டு இருந்தார். மேம்சாப் ஸ்வெட்டர் பின்னிக்கிட்டே, தலை தூக்காம,

“எண்ணுங்க, குட்டி போட்டிருக்கும்.”

அவர் மறுபடி முதல்லேர்ந்து எண்ணினார்.

“முழங்கால் மடங்காது. கண்ணுல புரை. யாரைச் சுடறதா உத்தேசம்? என்னையா?”

“நீ சும்மா இரு.”

“இருபது வருஷமா முயலைக் காப்பாத்திக்கிட்டு இருக்கறதே உங்க குறிதான். அந்தப் பொண்ணாவது சரியா ஒரு இடத்துல சுடட்டும்.”

எனக்கு அடுப்படியில சிரிப்பு தாங்கல, முந்தானையை வாயில வச்சுக்கிட்டேன். அப்புறம் சாப் என்னைக் கூப்பிட்டார். “பத்து. ரெண்டு எனக்கு.” ஞாயித்துக்கிழமை அவரே வந்து கிளப்பு ரெஜிஸ்டர்ல எழுதிக் கொடுப்பாராம், அதுதான் சட்டமாம். நான் கால்ல விழப் போனேன். “ஏய் ஏய், ஆர்மி வீட்ல இதெல்லாம் கூடாது” ன்னு ஓடிட்டார், முழங்கால் மடங்காதவர்.

அம்பது + பத்து. சரியா அறுபது. சுட்டுப் பாக்க ஒண்ணுகூட இல்ல. முதல் குண்டே கணக்குல வந்துடும். மாஸ்டர்ஜி தலையில கை வச்சுக்கிட்டாராம். மத்த பொண்ணுங்க அஞ்சு, பத்துன்னு கொண்டு வராங்களாம்.

நவம்பர் 14, சனி

இஸ்கூல்ல குழந்தைகள் தினம். செ. லட்டு கொண்டு வந்தா. பாதி எறும்பு, பாதி நான்.

எறும்பாலதான் எல்லாம் ஆச்சு. துக்க வருஷம், தீபாவளி கிடையாது, அதனால அடுப்படித் தட்டைத் துடைக்கவும் இல்ல. இன்னிக்கு டப்பா எல்லாம் இறக்கினேன். தட்டுக்கு விரிச்சிருக்கறது நியூஸ் பேப்பர் இல்ல. செ. சுட்ட குறி அட்டைங்க. அவ அப்பா கிளப்புல மார்க்கர். சுடற ஆளுக்கு எதிர்ப்பக்கம் பள்ளத்துல உக்காந்து, குண்டு எங்க பட்டுதுன்னு கம்பு நுனித் தகரத்தால காட்டற வேலை. பழைய அட்டையை வீட்டுக்குக் கொண்டு வந்துடுவார். துவரம்பருப்புக்குக் கீழ ஒண்ணு. மிளகாய்த்தூளுக்குக் கீழ ஒண்ணு. எண்ணெய்க்குக் கீழ இருந்தது ஊறிப் போச்சு.

எறும்பை ஊதறப்பத்தான் பாத்தேன். ஒவ்வொண்ணுலயும் ஒரு ஓட்டைக்குப் பக்கத்துல பென்சில்ல 1ன்னு. மத்த ஓட்டை எல்லாம் நடுவுல. அந்த 1 மட்டும் கீழ, இடது பக்கம். பருப்புலயும். மிளகாயிலயும். சர்க்கரையிலயும். மூலையில 7ன்னு வேற.

செ.யைக் கத்திக் கூப்பிட்டேன். குனிஞ்சு பாத்தவ அப்படியே உக்காந்துட்டா.

“அம்மா, ஏழு என் ரைஃபிள் நம்பர். யே பெஹலீ கோலீ, முதல் குண்டு. அப்பா நே லிக்கா?”

“வேற யாரு எழுதுவா?”

ராத்திரி ஆறிப் போன குழலுல முதல் குண்டு அப்படித்தான் போகுமாம். ரெண்டாவதுலேர்ந்து சரியாயிடுமாம். அதைப் பாக்கத்தான் கணக்குல வராத குண்டு. நமக்கு அது வேண்டாம். ஒம்போது அட்டை இருக்கு. ஒம்போதும் ஒரே இடம். முதல் குண்டுக்கு மட்டும் குறியைச் சரி பண்ற திருகாணியை அவ்வளவு தள்ளிட்டு அப்புறம் திருப்பிக்கறேங்கறா.

அட்டையை மார்ல வச்சுக்கிட்டு அழுதா. மிளகாய்த்தூள் அட்டை அது. தும்மல் வேற. அழுகையா தும்மலான்னே தெரியல ரெண்டு பேருக்கும்.

நவம்பர் 15, ஞாயிறு

குளிர், ஆனா காத்து இல்ல. காத்து இல்லாதது நல்லதாம்.

கொண்டு போனது: தயிர் சாதம், மாவடு, ஸ்வெட்டர், அட்டை ஒம்போது.

ஏப்ரலுக்கு அப்புறம் நான் கிளப்புல சுடற ரேஞ்சுக்குப் போகல. வாசல் கேட் கிட்ட காலு நின்னுடுச்சு. செ. கையைப் பிடிச்சு இழுத்தா. கர்னல் சாப் கோட்டு டையோட முன்னாலயே வந்து நிக்கறார். ரெஜிஸ்டர்ல கையெழுத்து. பத்தையும் ஒண்ணொண்ணா மேஜையில நிக்க வச்சார். கடைசி ஒண்ணைத் தடவிட்டு விட்டார்.

மத்த பொண்ணுங்க எல்லாம் டப் டப்னு சுட்டுப் பாக்குதுங்க. இவ சும்மா படுத்திருக்கா. கண்ணை மூடிக்கிட்டு. பக்கத்துல யாரோ, “இஸ்கா கத்தம்?” ஆரம்பிக்கும் முன்னாலயே தீர்ந்து போச்சாம், கேக்கறான் பாரு.

பெல் அடிச்சுது. திருகாணியைத் திருப்பினா.

டப்.

பள்ளத்துலேர்ந்து கம்பு மேல வந்துச்சு. பிடிச்சிருக்கறது அவர் கைதான்னு ஒரு நொடி நெனச்சுட்டேன். வேற யாரோ. தகரம் நடு மத்தியில வந்து நின்னுது. அசையல. வீட்ல தோசைக் கரண்டியை வச்சு அவர் நடிச்சுக் காட்டுவாரே, அதே மாதிரி. பத்து.

கர்னல் சாப், “ஷாபாஷ்!” னு கத்தி, சத்தம் போடாதேன்னு திட்டு வாங்கினார்.

அப்புறம் அம்பத்தொம்போது. எல்லாத்தையும் எழுத முடியாது. ரெண்டு தடவை வெளியில போய்ட்டு வந்தேன். சாப் கொடுத்த பத்துல ஒண்ணு வெடிக்கவே இல்ல, பழசு. முகம் செத்துப் போச்சு அவருக்கு. பையில கை விட்டு, வச்சிருந்த ரெண்டுல ஒண்ணை எடுத்து, மாஸ்டர்ஜிகிட்ட எழுதிக் காட்டி நீட்டினார். சட்டப்படி சரியாம். அவருக்கு மிச்சம் ஒண்ணு.

நாலாவது. செ. நாலாவது! அஞ்சாவது பொண்ணுக்கும் இவளுக்கும் ரெண்டே பாயிண்ட். பேர் படிச்சப்ப எனக்குக் காதுல விழல, செ. வந்து இடிச்சப்பத்தான் தெரியும்.

கிளப்பு செகரட்டரி சாப் சொன்னார், அடுத்த மாசம் கேம்ப்பாம், பத்து நாள், தினம் பிராக்டிஸாம். தினம் தோட்டான்னா இன்னும் எத்தனை சாப் கால்ல விழறது? முன்னால போய்க் கேட்டேன், நல்லா ஞாபகமா, “கார்தூஸ்?”

சிரிச்சார். “மாதாஜி, வஹாங் டோட்டா நஹீங் ஹை.”

அங்க டோட்டா இல்லையாமே! பக்கத்துத் தூணைப் பிடிச்சேன். செ. பாத்தா குதிக்கறா. “அம்மா! அம்மா, டோட்டா நஹீங்! பஞ்சம் நஹீங்!”