மாட்டுக் களிம்பும் என் குதிகாலும்

நம் செம்மொழியின் அப்பாவுக்கு,

இடுப்பு நிமிரவே மாட்டேன் என்கிறது. நேற்று நான்கு மா நிலத்தில் நாற்று நட்டோம், இன்றைக்கும் நடவு இருக்கிறது. குழம்பு அடுப்பில் இருக்கிறது. என்னோடு பேசாவிட்டாலும் சோற்றோடு கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என் குதிகால் வெடிப்புக்கு, மாட்டு மடியில் பூசும் களிம்பைப் போடச் சொன்னீர்கள். "நான் என்ன மாடா?" என்று கத்தினேன். மயிலாடுதுறையில் வாங்கிய எண்ணூறு ரூபாய் கிரீமைத்தான் இரண்டு மாதம் பூசினேன். வாசனை வந்தது, ரத்தம் நிற்கவில்லை. அந்த டப்பாவில் சிரிக்கிற பெண்ணின் கால் சேற்றையே பார்த்திருக்காது.

போன வாரம் சேலை மடிக்கும்போது என் இடது கையின் சொரசொரப்பு நூலைப் பிடித்து இழுத்தது. வலது கை வழுக்கிக்கொண்டு போனது. ஒரே சேற்றில் கிடக்கிற இரண்டு கை! அப்புறம்தான் உறைத்தது, தினமும் மாட்டு மடிக்குக் களிம்பு பூசுவது வலது கை. அன்றே குதிகாலிலும் பூசினேன்.

இன்று காலையில் பார்த்தால் வெடிப்பு மூடியிருக்கிறது. கன்றுக்குட்டிக் காது மாதிரி மெத்தென்று இருக்கிறது. பன்னிரண்டு வயதில் சேற்றில் இறங்கியவள் நான். எனக்குள் இப்படி ஒரு கால் இருந்ததே தெரியாது. என் கால்தானா என்று திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தேன். நாற்பது ரூபாய்க் களிம்பு!

மலர்க்கொடி

களிம்பு தீர்ந்துவிட்டது. இரண்டு டப்பா வாங்குங்கள், ஒன்று மாட்டுக்கு.

இன்னொன்று. "என் வீட்டுக்காரருக்கு மாடும் பொண்டாட்டியும் ஒண்ணுதான்" என்று வரப்பில் பத்துப் பேர் முன்னால் சொல்லிச் சிரிக்க வைத்தேன். நீங்கள் தலைகுனிந்து போனீர்கள். அதே பத்துப் பேர் முன்னால் நான் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.